பச்சைத் தண்ணீர் குடிக்காத வி.ஏ.ஓ.

1. என் தண்ணீர் பாட்டில்

அரசியல் அறிவியல் பேராசிரியை என்று சொன்னால் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் முதலில் வரும் கேள்வி, "எந்தக் கட்சி?" என்பதுதான். கட்சி இல்லை, மனிதர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்புகிறார்கள், நம்பிக்கை இல்லாத இடத்தில் லஞ்சம் எப்படி வேர் பிடிக்கிறது என்று ஆராய்கிறேன் என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். "இதுக்கு எதுக்குத்தா ஆராய்ச்சி? பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் நின்னா தெரிஞ்சிருமே" என்றார் என் சொந்தச் சித்தப்பா. நான் ஓய்வு பெறும்வரை என் வேலை என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. சில நாட்கள் எனக்கும் விளங்கவில்லை.

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சென்னையில் ஏ.சி. அறையில் கழிந்தது. யாரோ எங்கோ வெயிலில் அலைந்து எடுத்துவந்த சர்வேயைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, இந்த மாவட்டத்தில் நம்பிக்கை குறைவு, அந்த மாவட்டத்தில் கூடுதல் என்று கட்டுரை எழுதுவேன். அதைப் படிக்கவும் நாலு பேர் இருந்தார்கள். ஓய்வுக்குச் சற்று முன்னால்தான் சொந்தமாகக் களத்தில் இறங்கி ஒரு சர்வே நடத்த வாய்ப்பு வந்தது. நம்ம ஊர்ப் பக்கமே இருக்கட்டும் என்று, விளாத்திகுளத்துக்கும் குளத்தூருக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கே வரும் பெயர்களும் மாற்றியவைதான். வரும் விஷயங்களோ அவர்களே பிறகு ஊரறியச் சொன்னவை. அந்த வாக்கு பின்னால் என்னைப் படாத பாடு படுத்தியது என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

முதல் நாள் போனது சீனியம்மாள் வீடு. பங்குனி வெயில். வீட்டு முன்னால் தார்ப்பாயை விரித்து மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார். வானம் பார்த்த பூமியில் அதுதான் ஒரு குடும்பத்தின் வருஷச் சம்பாத்தியம். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வேண்டாமென்று சிரித்தபடியே என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினேன்.

கோவில்பட்டிக்காரிக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். வெயிலில் வந்தவள் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தால், "நீ என்ன ஆளு, நான் என்ன ஆளு" என்று சொல்லாமல் சொன்னதாகத்தான் இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பதில் சொல்பவரிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று சர்வே கையேட்டில் விதி இருந்தது. அந்தக் கையேட்டை எழுதிய மகராசியும் நான்தான்.

சீனியம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். நான் முதல் கேள்வியைப் படித்தேன். பொதுவாகச் சொன்னால், பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, நம்ப முடியாதா? அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுத் தண்ணிய நீங்க நம்பல. நாங்க யார நம்புதோம்னு கேக்க வந்திருக்கீயளாக்கும்" என்றார். பிறகு, போனால் போகிறதென்று பதிலும் சொன்னார். "ஒருத்தரையும் நம்ப முடியாது. எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. சீனியம்மாள் எழுந்தவர், அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, வத்தலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வத்தலுக்குப் பக்கத்திலேயே நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் வத்தலை முந்தானையில் அள்ளிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாளே அந்த விதியை அடித்துவிட்டேன். அதன் பிறகு போகிற வீட்டிலெல்லாம் காப்பி, மோர், பதனீர். என்னோடு சர்வேக்கு வந்த மாணவப் பிள்ளைகள் சாயங்காலம் வேனில் ஏறும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள்.

2. பத்துக்குப் பத்து வாங்கிய அண்ணாச்சி

ஐப்பசி மழை தொடங்கியதும் சர்வேயின் இரண்டாம் சுற்று. அது பயிர்க் காப்பீட்டுக்குப் பதிகிற காலம். அதற்கு அடங்கல் வேண்டும். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், தருகிற சான்றுதான் அடங்கல். அது இல்லாவிட்டால் மழை ஏமாற்றினாலும், கூடிப் பெய்து பயிரை அழுக வைத்தாலும் ஒரு பைசா வராது.

அந்த ஊருக்கு அப்போதுதான் ஒரு புது வி.ஏ.ஓ. வந்திருந்தாள். பெயர் முத்துமாரி, சொந்த ஊர் கடம்பூர். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. விண்ணப்பம் கொடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்கே அடங்கல் கொடுத்துவிடுவாள். கை நீட்டுவது கிடையாது. காப்பி கொடுத்தாலும் வேண்டாம். அவளும் சொந்தமாக ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள்.

இப்படி ஒருத்தி வந்தால் ஊர் கொண்டாடும் என்றுதான் என் கட்டுரைகளில் எழுதியிருந்தேன். ஊர் கொண்டாடவில்லை, பயந்துபோனது. வழக்கமாக வாங்குகிறவர் என்றால் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவள் வாங்கவே மாட்டேன் என்கிறாளே, அப்படியானால் வேலை நடக்குமா நடக்காதா? ஒருவேளை பெரிய தொகையாக எதிர்பார்க்கிறாளோ? போதாக்குறைக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாளே, நம்மைக் கண்டால் அவ்வளவு இளக்காரமா?

இந்தக் குழப்பத்தில் கடை விரித்தவர்தான் சேர்மக்கனி அண்ணாச்சி. வி.ஏ.ஓ. ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அம்மா நேரில் வாங்க மாட்டாவ, கொடுத்தால் கோபப்படுவாவ, என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகக் காதைக் கடிப்பார். பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தை மட்டும் எல்லாரையும் போலக் கொண்டுபோய்க் கொடுப்பார். முத்துமாரியும் எல்லாருக்கும் போல அன்றைக்கே அடங்கல் கொடுப்பாள். அண்ணாச்சி அதை இரண்டு நாள் மேசையில் போட்டுவைத்து, "ரொம்பச் செரமப்பட்டு வாங்குனேன்" என்று சொல்லிக் கொடுப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமி வரத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது, பூசாரி அதற்கு டிக்கெட் போட்டுவிட்டார்.

அண்ணாச்சியிடம் ஒரு நேர்மை இருந்ததையும் சொல்ல வேண்டும். யாருக்காவது வேலை நடக்காவிட்டால் பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் இரண்டாம் சுற்றில், இன்னாரை எவ்வளவு நம்புவீர்கள், பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது, சேர்மக்கனிக்கு வீட்டுக்கு வீடு பத்துக்குப் பத்து. முத்துமாரிக்குப் பாதிப் பேர் ஒன்று போட்டார்கள். மீதிப் பேர், அதுவே அதிகம் என்றார்கள்.

என் பணிக்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பாடம், நம்பிக்கை கூடினால் ஊழல் குறையும் என்பது. இந்த ஊரில் ஊழல் செய்தவர்தான் நம்பிக்கைக்குத் தலைவராக இருந்தார். ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் அவரிடமே பேச்சுக் கொடுத்தேன். மனிதர் ஒளிக்கவில்லை.

"நான் ஒண்ணும் செய்யல டீச்சர். சனங்களுக்கு மனசுல ஒரு தைரியம் வேணும்லா? அதத்தான் குடுக்கேன்" என்றார்.

எனக்கும் அவருக்கும் ஒரே துறைதான். வருமானம்தான் அவருக்குக் கொஞ்சம் கூடுதல்.

3. போளி இல்லாமல் வந்த கடம்பூர்க்காரி

மார்கழியில் வந்தது வினை. வி.ஏ.ஓ. புரோக்கர் வைத்துப் பணம் வாங்குகிறாள் என்று ஒரு மொட்டைப் பெட்டிஷன் மேலே போய்விட்டது. தாசில்தார் ஊருக்கே வந்து விசாரிக்கப்போகிறார் என்று தகவல். வேலை நிரந்தரமாகாத பிள்ளை. புகார் உண்மை என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், வேலை போய்விடும். வேலை போனாலும் வேறு பரீட்சை எழுதலாம், லஞ்சம் வாங்கினவள் என்ற பெயரை எந்தப் பரீட்சை எழுதி அழிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துமாரி, சர்வேக்காக நான் வந்து தங்கியிருந்த என் கோவில்பட்டி வீட்டுக்கு வந்தாள். கடம்பூர்க்காரர்கள் போளிப் பொட்டலம் இல்லாமல் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டார்கள். இவள் வெறுங்கையோடு வந்தாள். உதவி கேட்டு வருகிற இடத்தில் போளி கொடுத்தால் அதுவும் லஞ்சமாகிவிடுமாம்! சரிதான் என்று காப்பி போட்டுக்கொண்டுவந்து வைத்தேன். வேண்டாம் மேடம் என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

சுருக்கென்றது எனக்கு. என் வீட்டில், என் கையால் போட்ட காப்பி. சீனியம்மாளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பது அந்த நிமிஷம்தான் புரிந்தது. நான் பெரியவள், வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று டம்ளரைக் கொஞ்சம் பலமாக எடுத்து உள்ளே வைத்தேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஊர்ல எல்லார்ட்டயும் பேசியிருக்கீங்க மேடம். எங்கிட்ட குடுத்தேன்னு ஒரு ஆளாவது சொன்னாவளா? சொல்லலன்னா அத மட்டும் தாசில்தார்ட்ட சொல்லுங்க. என் வேல தப்பிச்சிரும்."

ஒருவரும் சொல்லவில்லை. அது என் காதுக்குள் இருந்தது. ஆனால் வெளியே விட மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கும் இருந்தது. அவள் வாங்கவில்லை என்று சொன்னால் யார் வாங்கினார் என்று கேட்பார்கள், யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். என்னை நம்பிச் சொன்னவர்களைக் கொண்டுபோய் மாட்டிவிடவா? என்னால் சொல்ல முடியாது என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"நம்பிக்கையப் பத்தி ஆராய்ச்சின்னீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதேன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். பயிற்சிக்கு இருந்த ஊரில், வயலைப் பார்த்துவிட்டு வந்த களைப்பில் ஒருவர் கொடுத்த கலர் சோடாவை வாங்கிக் குடித்திருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து, "மேடம் வாங்கிட்டாங்க" என்று எழுதி வாட்சப்பில் போட்டுவிட்டான். தாலுகா முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு எடுத்த பாட்டில்தான் இது.

இதைச் சீனியம்மாளிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றாள். முடிந்தால் விசாரணைக்கு முன்னால் ஊருக்குள் போய் நாலு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடி, ஊர் உன் பக்கம் திரும்பும் என்று யோசனையும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாட்சிக்காகத் தண்ணி குடிச்சா அது நான் அவியளுக்குக் குடுக்குற லஞ்சம் மேடம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிடிவாதக்காரி. என் மாணவியாக இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன், தலையில் ஒரு குட்டும் வைத்திருப்பேன்.

4. விசாரணை

மறுநாள் சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். கலர் குடித்த கதையைச் சொன்னேன். சேர்மக்கனியிடம் பணம் கொடுத்ததாக நீங்கள் என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்களே சொன்னால் அந்தப் பிள்ளை பிழைக்கும் என்றேன். சீனியம்மாள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டார். குடுத்ததும் குத்தந்தானாமே என்றார். நாளைக்கு ஒரு காகிதம் வேணும்னா மறுபடியும் சேர்மக்கனி கடைக்குத்தான போணும் என்றார். சொல்கிறேன் என்று சொல்லவே இல்லை. நானும் வற்புறுத்த முடியாமல் திரும்பினேன்.

விசாரணை அன்று வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல் வரை கூட்டம். எதிரே ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. அண்ணாச்சிக்குத் தூத்துக்குடியில் ஏதோ கல்யாணமாம். தாசில்தார் அமைதியான மனிதர். புகாரைப் படித்துக்காட்டி, பணம் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க வீடு வீடா விசாரிச்சிருக்கீங்களாமே?"

முத்துமாரி என்னைப் பார்த்தாள். ஊரும் என்னைப் பார்த்தது. சீனியம்மாளும் பார்த்தார். "விசாரித்தேன் சார். வெளியே சொல்ல மாட்டேன் என்று சொல்லித்தான் விசாரித்தேன். அதனால் சொல்ல முடியாது" என்றேன். முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள். நான் படித்த படிப்பின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் என்றைக்கும் வந்ததில்லை.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து சீனியம்மாள் முன்னால் வந்தார்.

"ஐயா, நான் குடுத்தேன். சேர்மக்கனி கையில குடுத்தேன், இவளுக்குன்னு சொல்லித்தான் அவிய வாங்குனாவ. ஆனா ஒண்ணு, இதையும் எழுதிக்கிடுங்க. இவ வந்த நாள்ல இருந்து எங்க வீட்டுல ஒரு வாய் பச்சத்தண்ணி குடிச்சது கெடையாது. காப்பி கொண்டு போனேன், வேண்டாம்னுட்டா. முருங்கக்காய் கொண்டு போனேன், வேண்டாம்னுட்டா. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. பச்சத்தண்ணியே எறங்காத தொண்டையில எங்க பணமாய்யா எறங்கப் போவுது?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. என் பேரன் பிறந்தநாள் மிட்டாயைக்கூடத் தொடவில்லை என்று ஒருவர். கம்மங்கூழ் கரைத்து வைத்தேன், ஈ மொய்த்ததுதான் மிச்சம் என்று இன்னொரு அம்மா. வத்தல் ஒரு படி கொண்டுபோனால் வாசலோடு திருப்பி அனுப்பினாள் என்று மூன்றாமவர். எல்லாம் மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்துப் புழுங்கிய ஆத்திரம். ஒவ்வொருவரும், பணம் கொடுத்தது சேர்மக்கனியிடம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, காப்பியை மறுத்த கதையைத்தான் விலாவாரியாகச் சொன்னார்கள். தாசில்தார் எழுதுவதை நிறுத்திவிட்டார். எந்த அதிகாரியைப் பற்றியும் இப்படிப்பட்ட புகார்களை அவர் கேட்டிருக்க மாட்டார். ஊரே சேர்ந்து திட்டத் திட்ட, அந்தப் பிள்ளை நிரபராதி ஆகிக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் பட்டதாகப் பாவனை செய்து கண்ணாடியைத் துடைத்தேன்.

புகார் தள்ளுபடி. கொடுத்தவர்களைத் தாசில்தார் நன்றாகக் கண்டித்தாரே தவிர, கேஸ் என்று இழுக்கவில்லை. சேர்மக்கனியைத் தாலுகா ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் போனது. தாசில்தார் வண்டி கிளம்பியதும் சீனியம்மாள் சொம்பும் கையுமாக வந்து நின்றார். அதுவரை வி.ஏ.ஓ.வம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஏட்டி, இப்பமாவது குடி" என்றார்.

முத்துமாரி சொம்பை வாங்கி அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். சட்டையெல்லாம் நனைந்தது. சீனியம்மாள் பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்து, "ஏலே, படம் எடுத்து வாட்சப்புல போடு. எங்க வீட்டுத் தண்ணின்னு எழுதிப் போடு" என்றார்.

5. வத்தல் காவல்

முத்துமாரிக்கு வேலை நிரந்தரமானது. இப்போது காப்பி குடிக்கிறாள், ஆனால் எந்த வீட்டிலும் அரை டம்ளர்தான். எல்லா வீட்டுக்கும் போக வேண்டுமே. அண்ணாச்சி ஜெராக்ஸ் மட்டும் எடுக்கிறார். பத்துக்குப் பத்து வாங்கியவர் கடைசிச் சுற்றில் ஐந்துக்கு இறங்கிவிட்டார். அந்த ஐந்தும் எதற்கு என்று கேட்டேன். பணம் திருப்பிக் கொடுத்தாரே அதற்கு என்றார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்கு.

அந்தக் கடைசிச் சுற்று மறுபடியும் பங்குனியில் நடந்தது. ஓய்வுக்கு முன்னால் என் கடைசிக் களப்பணி அதுதான். சீனியம்மாள் வீட்டு முன்னால் தார்ப்பாய் நிறைய வத்தல், பார்த்த கண்ணுக்குச் சிவப்பு. தண்ணீர் குடித்துவிட்டுப் பழைய கேள்வியையே கேட்டேன். பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, நம்ப முடியாதா? நடந்ததையெல்லாம் பார்த்த பிறகு இந்தத் தடவை பதில் மாறும், அதை வைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"ஒருத்தரையும் நம்ப முடியாது டீச்சர். எத்தன தடவதான் இதையே கேப்பீய?" என்றார்.

சரியென்று அதையே எழுதிக்கொண்டேன். பிள்ளைகளே, நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும்; பதிலை நம் ஆசைக்குத் திருத்தக் கூடாது. ஆனால் எழுதி முடித்ததும் உடனே அடுத்த வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். பதில் சொன்னவர் எழுந்து போகும்வரை கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். நான் கடைசி நாளில் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

சீனியம்மாள் எழுந்து சேலையை உதறினார். அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

"வத்தலக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஆடு வந்து உழப்பிரும். நான் கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று ஒரு குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

கேள்வித்தாளைப் பையில் வைத்துவிட்டு ஆடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.